விசாகப்பட்டினத்தில் ஒரு டிசம்பர்

தூத்துக்குடிக்காரர்கள் எங்கே போனாலும் கடல் கூடவே வரும் என்பாள் அம்மா. அப்பா வேலை பார்த்த கப்பல் ஏஜென்சி அவரை விசாகப்பட்டினத்துக்கு மாற்றியபோது எங்கள் கூட வந்த கடல் வேறு மாதிரியானது. மன்னார் வளைகுடாவின் சாதுவான தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே அலை ராத்திரி முழுக்கப் பாறையில் மோதிக்கொண்டே இருந்தது. மகாராணிப்பேட்டையில் மாடி போர்ஷன் கிடைத்திருந்தது. மொட்டை மாடிக்கு ஏறினால் கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே கடலுக்குள் முகத்தை நீட்டிக்கொண்டிருக்கும் டால்ஃபின்ஸ் நோஸ் மலை. அந்த மலையை ஒட்டிய வாய்க்கால் வழியாகத்தான் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையும். எந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு வருகிறது என்று பார்ப்பதுதான் அண்ணனுக்கும் எனக்கும் மாலைநேர வேலை.

1971 டிசம்பரில் நான் ஐந்தாம் வகுப்பு, அண்ணன் ஒன்பதாவது.

உலகம் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது மர்பி ரேடியோ. வால்வு சூடேறி அது வாய் திறப்பதற்குள் அப்பா சவரத்தை முடித்துவிடுவார். காலை 7.15-க்கு தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி, இரவில் காற்று ஒத்துழைத்தால் பிபிசியின் தமிழோசை. இரண்டாவது, மெட்ராஸிலிருந்து ரயிலில் ஒரு நாள் பழையதாக வரும் ஹிந்து. கீழ் வீட்டு மாமய்யா ஆந்திர பத்ரிகா வாங்குவார். ஈநாடு அதே ஊரில் பிறப்பதற்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. மூன்றாவது வழி, ஜாலாரிப்பேட்டையிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மா. இந்த மூன்றில் யார் முந்திச் சொன்னார், யார் உண்மையைச் சொன்னார் என்பதெல்லாம் எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆயிற்று.

மாதம் பிறந்தபோது அண்ணனுக்கு வேறு கவலை. சோவியத் யூனியனின் மார்ஸ் 3 டிசம்பர் 2 அன்று செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. மனிதன் செய்த ஒரு பொருள் அங்கே உடையாமல் இறங்கியது அதுவே முதல் தடவை. இறங்கிச் சுமார் 20 நொடி சிக்னல் அனுப்பிவிட்டு மௌனமாகிவிட்டது. அப்போது செவ்வாய் முழுவதையும் புழுதிப் புயல் மூடிக் கிடந்தது. சில வாரங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அமெரிக்காவின் மாரினர் 9, படம் எடுக்க வழியில்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் போய் 20 நொடிதானா என்று அண்ணன் அந்தச் செய்தித் துண்டை நோட்டில் ஒட்டிவிட்டு அரைநாள் பேசாமல் இருந்தான். அதே டிசம்பர் 2-ம் தேதி பாரசீக வளைகுடாவில் ஆறு ஷேக் ராஜ்ஜியங்கள் சேர்ந்து ஐக்கிய அரபு எமிரேட்ஸ் என்று ஒரு புது நாடாயின. அந்தச் செய்தியை அவன் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.

எங்கள் தெருவுக்கு இருந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான்: விக்ராந்த். இந்தியாவின் ஒரே விமானம் தாங்கிக் கப்பல் எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பார்த்தது கிடையாது. டால்ஃபின்ஸ் நோஸுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்றார்கள். கடற்படைக்குக் காய்கறியும் கறியும் சப்ளை செய்கிறவர்களுக்குத் திடீரென்று ஏகப்பட்ட ஆர்டர் வந்திருக்கிறது, அத்தனை பேர் சாப்பிடுகிற கப்பல் வேறு எது என்று மார்க்கெட்டில் கணக்குச் சொன்னார்கள். கத்தரிக்காய் விலை ஏறினால்கூட அம்மா விக்ராந்தைத்தான் திட்டினாள். பள்ளியில் என் வகுப்பில் பாதிப் பேர் அதைக் கண்ணால் கண்டவர்கள். மேலே ஏரோப்ளேன்கள் வரிசையாக நிற்கின்றன என்று ஒருத்தி வர்ணித்தாள். இல்லை, ஏரோப்ளேனை எல்லாம் மடித்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொருத்தி திருத்தினாள்.

பின்வீட்டில் நாகர்கோவில் அக்கா இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம். அவள் வீட்டுக்காரர் விக்ராந்தில் மாலுமி. அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். கேட்டால், “நமக்கென்ன பிள்ளே தெரியும், ஃப்ளீட் மெயில் ஆபீசுன்னு அட்ரஸ் எழுதிப் போடுதேன், அது எங்க போகுதோ” என்பாள். கிழக்குக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர் என்பது மட்டும் அவளுக்குத் திட்டமாகத் தெரியும். அதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்.

டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை. சாயந்திரம் பாகிஸ்தான் விமானங்கள் அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர் என்று மேற்கே வரிசையாக விமானத் தளங்களைத் தாக்கின என்ற செய்தி இருட்டிய பிறகு ரேடியோவில் வந்தது. பிரதமர் கல்கத்தாவில் இருக்கிறார், தில்லிக்குத் திரும்புகிறார், நாட்டு மக்களிடம் பேசுவார் என்றார்கள். அப்பா ரேடியோவை அணைக்கவில்லை. கார்த்திகை தீபம் கழிந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. மாடிச் சுவரில் வைத்த அகல்களை அம்மா இன்னும் எடுத்து வைக்கவில்லை. கீழே மாமய்யா வந்து விளக்குகளை அணைக்கச் சொன்னார். அணைத்து என்ன பயன்? பௌர்ணமிக்கு மறுநாள் நிலா. ஊரை எவ்வளவு இருட்டாக்கினாலும் கடல் முழுக்க வெள்ளியாகப் பளபளத்தது.

நான் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே பாயில் தூங்கிப்போனேன். நள்ளிரவு தாண்டி இந்திரா காந்தியின் குரல் வந்ததாக அண்ணன் சொல்வான். என்னை எழுப்பியது அந்தக் குரல் அல்ல. கடல் பக்கமிருந்து ஒரு வெடி. சத்தம் என்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. தரை ஒரு முறை உயர்ந்து தணிந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின, சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டுகொண்டே போனது. கராச்சியிலிருந்து இங்கே வரைக்கும் குண்டு போட வந்துவிட்டான் என்று அம்மா எங்கள் இருவரையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்பா மட்டும் ரேடியோவில் காதை வைத்தபடியே இருந்தார். பிரதமர் பேசும்போது எழுந்து போவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை.

மறுநாள் காலை 7.15 செய்தியில் எங்கள் ஊர் பெயரே இல்லை. பதான்கோட் இருந்தது, ஆக்ரா இருந்தது, டாக்கா இருந்தது. எங்களை எழுப்பிய வெடியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஞாயிறு ஹிந்துவிலும் இல்லை. நடந்ததுதானா என்று எங்களுக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு எங்கும் இல்லை. மீன்காரம்மா வந்தாள். கூடையில் பாதிதான் மீன். துறைமுக வாசலுக்கு வெளியே தண்ணீர் மேலே எண்ணெய் மிதக்கிறது என்றாள். தங்கள் ஆட்கள் என்னென்னவோ மிதந்து வந்ததை எடுத்துக் கடற்படைக்காரர்களிடம் கொடுத்தார்கள், அந்தப் பக்கம் வலை போடக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள் என்றாள். கப்பல் ஏதாவது முழுகிவிட்டதா என்று அம்மா அரைகுறைத் தெலுங்கில் கேட்டாள். கப்பல் முழுகினால் கம்பு கட்டை மிதக்கும், ஆள் நீந்தி வருவான், இது வேற என்று சொல்லிவிட்டு மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

சர்க்கார் வாய் திறந்தது டிசம்பர் 9-ல். பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் காஸி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே 3-ம் தேதி இரவு மூழ்கடிக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். அதுவரை சும்மா இருந்த தெரு அன்று பொங்கியது. கடற்கரைக்கு ஆட்கள் சாரி சாரியாகப் போனார்கள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும். மாமய்யா தன் வீட்டில் விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடியைக் கடைசிவரை மாற்றவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார்.

காஸி இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க நீர்மூழ்கி. பழைய பெயர் டயாப்ளோ. நவம்பர் நடுவில் கராச்சியை விட்டுக் கிளம்பி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்கு வந்து, முதலில் மெட்ராஸ் பக்கம் விக்ராந்தைத் தேடியிருக்கிறது. அப்போது விக்ராந்த் அந்தமானில். அது கிளம்பிப் போய் நாட்கள் ஆகியிருந்தன. கொதிகலன் ஒன்றில் விரிசலோடு, முழு வேகத்தில் ஓட முடியாத நிலையில் இருந்த அந்தக் கப்பலை அங்கே ஒளித்து வைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்க கிருஷ்ணன் ஒரு நாடகமே போட்டார். பின்னாளில் அவர் எழுதிய போர் நினைவு நூலில் அதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் மாதிரி ரேடியோவில் பேச வைத்தது, ஒரு மாலுமி தன் தாயாரின் உடல்நலம் விசாரித்து அனுப்புவதுபோல ஒரு தந்தியை எதிரி காதில் விழும்படி விட்டது, ஊர்க் கான்ட்ராக்டர்களிடம் மலைமலையாக ரேஷன் கேட்டது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். கத்தரிக்காய் விலையும் மார்க்கெட் கணக்கும் என் வகுப்புத் தோழிகளின் மடித்து வைத்த ஏரோப்ளேன்களும் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நாடகம். சம்பளமில்லாத நடிகர்கள் நாங்கள்.

காஸி எப்படி மூழ்கியது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. ராஜ்புத் துறைமுகத்திலிருந்து வெளியேறும்போது தண்ணீரில் ஏதோ கலங்குவதைப் பார்த்து வீசிய ஆழ்நீர்க் குண்டுகள் என்பது நம் கடற்படை சொல்வது. துறைமுக வாசலில் தான் விதைத்த கண்ணிவெடியிலேயே மாட்டிக்கொண்டது, அல்லது உள்ளேயே வெடித்தது என்பது மற்றவர்கள் சொல்வது. எப்படியானாலும் உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

அறிவிப்பு வந்த அதே 9-ம் தேதி இரவு, நாட்டின் மறுகோடியில், டையூவுக்குத் தெற்கே நம் குக்ரி கப்பலை இன்னொரு பாகிஸ்தான் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடேயே போனார். அந்தச் செய்தி தெருவுக்கு வந்த சாயந்திரம் நாகர்கோவில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்தாள். விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்குவதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது கப்பல் எங்கள் ஊரில் இல்லை என்பது எல்லோருக்கும் வெளிச்சமாகியிருந்தது. அம்மா அவளுக்குச் சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் விக்ராந்தைத் திட்டவில்லை.

இருட்டடிப்பு நாட்களை இப்போது நினைத்தால் பயத்தைவிட உற்சாகம்தான் முந்திக்கொண்டு வருகிறது. குழந்தைகளின் மனசாட்சி அப்படி. ஜன்னலுக்குப் பழுப்புத் தாளை மைதாப் பசையால் ஒட்டினோம். டார்ச்சின் முகத்துக்கு அப்பா ஆபீஸ் கார்பன் தாள். ரிக்‌ஷா விளக்கு, கார் விளக்கு எல்லாவற்றுக்கும் மேல்பாதி கறுப்புப் பெயின்ட். பள்ளி மைதானத்தில் வளைந்து வளைந்து பதுங்கு குழி வெட்டினார்கள். சைரன் ஊதினால் அதற்குள் இறங்கி, கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, காதில் விரலை விட்டுக் கவிழ்ந்து படுக்க வேண்டும். ஒத்திகையின்போது முதலில் குதிப்பது யார் என்பதில் அடிதடி. கணக்கு டீச்சர் குழிக்குள்ளும் வாய்ப்பாடு கேட்டார்.

இதற்கு நடுவில் அண்ணன் இன்னொரு யுத்தத்தையும் பின்தொடர்ந்தான். கேரி சோபர்ஸ் தலைமையில் உலக அணி ஒன்று ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் கவாஸ்கர், இன்ஜினியர், பேடி இருந்தார்கள். இன்திகாப் ஆலம், ஜாகீர் அப்பாஸ், ஆசிப் மசூத் என்று மூன்று பாகிஸ்தானியரும் இருந்தார்கள். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் இவர்கள் ஒரே உடைமாற்றும் அறையில், ஒரே சாப்பாட்டு மேஜையில். பெர்த்தில் டென்னிஸ் லில்லி என்ற புதுப் பையன் 29 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து, அந்த அணியை 59 ரன்னில் சுருட்டினான். இந்தியனும் பாகிஸ்தானியும் சேர்ந்தே உதை வாங்கினார்கள் என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாதம் முழுவதிலும் அவர் சிரித்ததாக எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

உண்மையான கிலி வந்தது இரண்டாவது வாரத்தில். நிக்சன் ஏழாவது கப்பற்படையிலிருந்து என்டர்பிரைஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்புகிறார் என்ற செய்தி. அணுசக்தியில் ஓடுவது, சுமார் 75,000 டன். நம் விக்ராந்த் 20,000 டன். அண்ணன் இரண்டையும் ஒரே அளவுகோலில் நோட்டில் வரைந்தான். என்டர்பிரைஸ் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை, எதிர்ப்பக்கத்துக்கும் கோட்டை நீட்ட வேண்டியிருந்தது. ஐ.நா. பொதுச் சபையில் போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு 104 நாடுகள் கைதூக்கின. எதிர்த்தவை 11. பாதுகாப்பு சபையில் சோவியத் யூனியன் வீட்டோவுக்கு மேல் வீட்டோ போட்டு நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 104 பேர் நாம் செய்வது தப்பு என்கிறார்களே என்று நான் கேட்டதற்கு அப்பா நேராகப் பதில் சொல்லவில்லை. கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு கோடிப் பேர் ஓடி வந்தபோது அந்த 104 பேரும் எங்கே இருந்தார்கள் என்று ஹிந்துவைப் பார்த்துக் கேட்டார். இன்றைக்கும் அதற்குமேல் நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. என்றாலும் 104 என்பது சின்ன எண்ணும் இல்லை.

என்டர்பிரைஸ் விரிகுடாவுக்குள் வந்தது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது. டிசம்பர் 16, வியாழக்கிழமை, மார்கழி முதல் நாள். விடிகாலையில் அம்மா இருட்டிலேயே தடவித் தடவிக் கோலம் போட்டாள். சாயந்திரம் டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஜெனரல் நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போட்டார். சுமார் 93,000 பேர் கைதானார்கள். வங்கதேசம் என்று ஒரு நாடு. மாமய்யா எல்லார் வாயிலும் லட்டு திணித்தார். ஓரிரு நாளில் ஜன்னல் தாள்களைக் கிழிக்கச் சொன்னார்கள். மைதாப் பசை லேசில் போகவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரை அந்த வீட்டு ஜன்னல் சட்டங்களில் பழுப்புத் திட்டுகள் இருந்தன.

சரணடையும் காட்சியை நாங்கள் பார்த்தது சில வாரம் கழித்து, சினிமா கொட்டகையில், படத்துக்கு முன்னால் போடும் நியூஸ் ரீலில். மேஜை முன்னால் நியாஸியும் நம் ஜெனரல் அரோராவும் உட்கார்ந்திருக்க, பின்னால் நிற்கிறவர்கள் வரிசையில் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். “அன்னா நிக்காரு பாருங்க, எங்க ஊர்க்காரரு!” என்று நாகர்கோவில் அக்கா கொட்டகையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். வீட்டுக்காரர் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தமானில் என்ன பார்த்தீர்கள் என்று அண்ணன் அவரைத் துளைத்தான். கொசு என்றார்.

மாதக் கடைசியில் மற்றச் செய்திகளுக்கும் இடம் கிடைத்தது. ஊ தாண்ட் பதவி முடிந்து ஐ.நா.வை விட்டுப் போனார், வால்ட்ஹைம் வந்தார். பாகிஸ்தானில் யாகியா கான் இறங்கி பூட்டோ ஏறினார். நம் ராஜாக்களின் மானியம் ஒழிந்தது. 30-ம் தேதி கோவளத்தில் விக்ரம் சாராபாய் தூக்கத்திலேயே இறந்துபோனார். 52 வயது. தும்பாவுக்கு வந்த இடத்தில். செவ்வாயில் தொடங்கிய அண்ணனின் நோட்டு சாராபாய் படத்தோடு முடிந்தது. அதற்குக் கறுப்பு மையில் கட்டம் போட்டான்.

அந்த நோட்டில் இல்லாத செய்திதான் கடைசியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தது. டிசம்பர் 2-ல் பிறந்த அந்த ஷேக் நாட்டுக்கு எட்டு வருஷம் கழித்து அண்ணன் வேலைக்குப் போனான். அபுதாபி துறைமுகம். மாமய்யாவின் பையன்கள் இரண்டு பேரும் துபாய். தூத்துக்குடியில் எங்கள் சித்தப்பா தெருவில் பாதி வீடுகளில் அந்தப் பணத்தில்தான் தளம் போட்டார்கள். 1971-ல் அந்தத் தெருவில் யாரிடமாவது அபுதாபி என்றிருந்தால் ஏதோ மருந்துப் பெயர் என்று நினைத்திருப்பார்கள். அப்பா அபிப்பிராயம் சொல்லாத ஒரே சர்வதேச விவகாரமும் அதுவாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு அந்தப் போரால் நேர்ந்த நீண்டகால விளைவு ஒன்று உண்டு. அகதிகள் நிவாரணத்துக்காக நவம்பரிலேயே கடிதத்துக்கு 5 பைசா கூடுதல் வரி போட்டிருந்தார்கள். முதலில் தனித் தபால்தலை தயாராகவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்ட சிவப்பு 5 பைசா தலையின் மேலேயே அகதிகள் நிவாரணம் என்று கறுப்பில் அச்சடித்து விற்றார்கள். இன்லண்ட் லெட்டரில் அதைத் தனியாக ஒட்டினால்தான் போகும். அம்மா வாராவாரம் தூத்துக்குடி ஆச்சிக்கு எழுதுகிறவள். போர் நடந்தவரை மறுபேச்சில்லாமல் ஒட்டினாள். வங்கதேசம் பிறந்தது, அகதிகள் மூட்டை கட்டித் திரும்பினார்கள், 1972 முழுசும் ஓடியது, 5 பைசா மட்டும் போகவில்லை. “போனவுகளுக்கு இன்னுமா நிவாரணம்?” என்று தபால்காரரிடம் கேட்டாள். அவர் தில்லி இருக்கும் திசையைக் காட்டிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார். ஒருவழியாக 1973 மார்ச் 31-ந்தேதியோடு அந்த வரியை எடுத்தார்கள். அந்த வாரம் அம்மா ஆச்சிக்கு எழுதிய கடிதத்தில் முதல் செய்தி அதுதான். என் ஆறாம் வகுப்புப் பரீட்சை அதற்கு அடுத்து வந்தது.